சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்: கட்டுமான ஊழியருக்குக் கிடைக்கும் சேவை எப்படி?

தஞ்சை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் ஒருவர் "சிங்கப்பூருக்குப் பாஸ் வந்துவிட்டது" என்றால் பெரும்பாலும் அது வொர்க் பெர்மிட். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அதிகபட்சம் இரண்டாண்டுக்குக் கொடுத்து, பிறகு புதுப்பிக்கும் அட்டை. நடுத்தரத் திறனாளருக்கான எஸ் பாஸ், உயர்பதவிக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் இரண்டும் வேறு உலகம். இங்கே அவை பேச்சில்லை. கட்டுமானத்துக்குப் போகிறவர் கையில் வரும் அட்டையை மட்டும், ஒரு சேவையாக எடுத்து மதிப்பிடுகிறோம். கட்டணம் உண்டு, எழுத்தில் தரும் வாக்கு உண்டு, கோளாறு வந்தால் போய் நிற்க ஓர் இடம் உண்டு, வெளியேறும் வழியும் உண்டு. நகையை அடகு வைத்து வாங்கும் சேவையை வேறெதையும்விடக் கறாராகத்தான் பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எழுத்தில் தரும் வாக்குறுதியும் மருத்துவ ஏற்பாடும் நன்று. சம்பளத் தகராறு தீர்க்கும் வழி நடுத்தரம். முதலாளியை மாற்றும் வழி மோசம். மொத்தம் ஐந்துக்கு மூன்று.

ஏன் இப்படி ஒரு பக்கம் நன்றாகவும் ஒரு பக்கம் அடைத்தும் இருக்கிறது என்பதற்குக் காரணம் அந்த நாட்டின் வாக்குவாதத்தில் இருக்கிறது. 2024 ஜூன் கணக்குப்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை 60.4 லட்சம். அதில் குடிமக்கள் 36.4 லட்சம், நிரந்தரவாசிகள் 5.4 லட்சம், மீதி 18.6 லட்சம் பேர் வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்கள். இந்த விகிதத்தில் இருக்கும் நாட்டில் "யார் நம்மவர்" என்ற கேள்வி ஓயாது. 2011 பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சி 60.1 விழுக்காடு வாக்குக்கு இறங்கியதற்குக் குடியேற்றமும் ஒரு காரணம். 2013 ஜனவரியில் வந்த மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030-இல் 69 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்றபோது, ஹொங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்த ஊரில் அது அபூர்வம். அரசு எடுத்த நிலை இது: வேலைக்குக் கைகள் வேண்டும், எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும், வந்தவர் வேரூன்றக் கூடாது. வொர்க் பெர்மிட்டின் விதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தால் இந்த மூன்றில் ஒன்று உள்ளே இருக்கும்.

விமானம் ஏறுமுன்: ஐபிஏ கடிதம்

இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி ஐபிஏ எனப்படும் முன் ஒப்புதல் கடிதம். முதலாளி விண்ணப்பித்து அமைச்சு ஏற்றுக்கொண்டதும் இது வரும். ஊழியர் ஊரைவிட்டுக் கிளம்புமுன் இதன் பிரதி அவர் கைக்கு வந்தாக வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில். தமிழிலும் வரும். அடிப்படை மாதச் சம்பளம், நிலையான படிகள், பிடித்தங்கள், இவற்றுக்குப் பின் நிற்கும் நிலையான மாதச் சம்பளம் எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும். ஊழியரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி அமைச்சுக்கும் தெரிவிக்காமல் இதில் உள்ள சம்பளத்தை முதலாளி குறைக்க முடியாது. வளைகுடாவில் இறங்கியதும் வேறு ஒப்பந்தத்தை நீட்டும் பழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எனவே இறங்கிய வாரத்தில் ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்வரை போடாதீர்கள். ஐபிஏ தந்த பாதுகாப்பை உடைக்கச் சட்டப்படி இருக்கும் ஒரே சாவி உங்கள் கையெழுத்து.

கடிதத்தில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் அடிப்படைச் சம்பளத்துக்கும் படிக்கும் உள்ள பிரிவு. ஓவர்டைம் (பேச்சில் ‘ஓடி’) அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படும். சூத்திரம்: மாத அடிப்படையை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். வருவது ஒரு மணி நேரக் கூலி. அதன் ஒன்றரை மடங்கு ஓடி. மொத்தம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று சொல்லும் இரண்டு ஐபிஏக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 800 முழுவதும் அடிப்படை. ஓடி மணிக்கு 6.29 வெள்ளி. மற்றொன்றில் அடிப்படை 600, படி 200. ஓடி மணிக்கு 4.72 வெள்ளி. மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச ஓவர்டைம் 72 மணி. அத்தனை மணியும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் மாதம் 113 வெள்ளி. "எல்லாம் சேர்த்து எண்ணூறு" என்று ஏஜென்ட் சொல்லும்போது கேட்க வேண்டியது, அதில் அடிப்படை எவ்வளவு என்பதுதான்.

பிடித்தம் என்ற வரியையும் பாருங்கள். தங்குமிடத்துக்கோ சாப்பாட்டுக்கோ பிடிப்பதாக இருந்தால் அங்கே எழுதியிருக்க வேண்டும். முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை, பிணைத்தொகை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை எந்தப் பெயரிலும் உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கக் கூடாது.

போலிக் கடிதங்கள் புழங்குகின்றன. அமைச்சின் இணையதளத்தில் விண்ணப்ப நிலையைப் பார்க்கும் பக்கம் திறந்தே இருக்கிறது. கடிதத்தில் உள்ள எண்ணையும் கடவுச்சீட்டு விவரத்தையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இன்னொரு பொறி வேலையின் வகை. இந்தியர்களுக்குக் கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் (எண்ணெய், ரசாயன ஆலைப் பணிகள்) ஆகியவற்றில் வொர்க் பெர்மிட் தாராளமாகக் கிடைக்கும். சேவைத் துறையிலும் உற்பத்தித் துறையிலும் 2023 செப்டம்பர் முதல் பட்டியலில் உள்ள சில தொழில்களுக்கு மட்டுமே. இந்திய உணவகச் சமையற்காரர், வெல்டர் போன்றவை அதில் இருந்தன. நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் பட்டியல் கொஞ்சம் விரிந்தது, கனரக வாகன ஓட்டுநர்கள் சேர்ந்தார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்கு இந்தியருக்கு வொர்க் பெர்மிட் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

விலை

அரசின் கட்டணம் விண்ணப்பத்துக்கு 35 வெள்ளி, அட்டைக்கு 35 வெள்ளி. அதையும் முதலாளிதான் கட்டுகிறார். அப்படியிருக்க ஊரில் லட்சக்கணக்கில் போவது எதற்கு? ஒரு பகுதி ஸ்கில் டெஸ்டுக்கு. சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்றுக்கொண்ட தேர்வு மையங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. டைல் பதிப்பது, பூச்சு, கம்பி கட்டுவது, பலகை அடிப்பது, மின்கம்பி இழுப்பது என்று ஒரு தொழிலில் தேர்ந்தால்தான் அங்கே கட்டுமானத்துக்குள் நுழைய முடியும். இது நியாயமான செலவு. கையில் ஒரு தொழிலும் நிற்கிறது. மிச்சமெல்லாம் இடைத்தரகு.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் ஊழியரிடம் வாங்கலாம். இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவருக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். இரண்டு நாட்டிலும் சட்டம் இருக்கிறது. நடுவில் நிற்கும் பதிவில்லாத ஆளை இரண்டு சட்டமும் எளிதில் எட்டுவதில்லை. இதில் நம் பக்கத்து ஓட்டை ஒன்றும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி கேட்கும் 18 நாடுகளில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. அதனால் மலேசியா போகிறவரின் ஒப்பந்தத்தை ஓர் அதிகாரியாவது பார்க்கிறார். சிங்கப்பூர் போகிறவரின் தாள்களை இந்தியாவில் யாரும் பார்ப்பதில்லை. இதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு நம்முடையது, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

வேலை கொடுப்பதற்காகவோ புதுப்பிப்பதற்காகவோ முதலாளியே பணம் கேட்பது வேறு சங்கதி. அது சிங்கப்பூரில் குற்றம்: 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சம்பளம் வங்கியில் விழுந்த மறுநாள் மேற்பார்வையாளர் கையில் ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதும் இதில்தான் வரும். ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பது இதனால்தான். கடவுச்சீட்டும் அப்படியே, முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

தீர்வையும் விகிதமும்

"ஊர்க்காரன் வேலையைப் பறிக்கிறார்கள்" என்ற குரலுக்குச் சிங்கப்பூர் கண்ட விடை இரண்டு எண்கள். முதலாவது விகிதம்: கட்டுமானத்தில் உள்ளூர் முழுநேர ஊழியர் ஒருவருக்கு ஐந்து வெளிநாட்டவர். 2024 ஜனவரிக்கு முன் ஏழு. உள்ளூர்க்காரர் என்று முழுதாகக் கணக்கில் வர, அவருக்கு ஒரு குறைந்தபட்ச மாதச் சம்பளமாவது கொடுத்திருக்க வேண்டும்; 2024 ஜூலையில் அது 1,600 வெள்ளி. பெயருக்கு ஒரு பாட்டியைப் பதிவேட்டில் சேர்த்துக் கணக்கு காட்டுவதைத் தடுக்கும் ஏற்பாடு. இரண்டாவது தீர்வை: இந்தியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வருபவருக்கு, உயர்திறன் பெற்றவர் என்றால் மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் என்றால் 900 வெள்ளி முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டும்.

அந்த 900-ஐ மனத்தில் வையுங்கள். எண்ணூறு வெள்ளி சம்பளம் வாங்கும் ஆளுக்காக அரசுக்குத் தொள்ளாயிரம் போகிறது. முதலாளியின் கணக்கில் அந்த ஊழியரின் விலை 1,700. ஊழியருக்குத் தெரிவது பாதிக்கும் குறைவு. உள்ளூர்க்காரரின் கூலியைக் காக்க வந்த தீர்வை வெளிநாட்டவரின் கூலியை அழுத்தியும் வைக்கிறது. ஆனால் இதிலேயே ஊழியருக்கு ஒரு பிடி உண்டு. அடிப்படைத் திறனிலிருந்து உயர்திறனுக்கு ஏறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். இரண்டாவது தொழிலில் சான்றிதழ் எடுப்பது, அனுபவ ஆண்டும் சம்பள அளவும் சேர்ந்து உயர்த்துவது என்று அதற்குப் பல வழிகள் உண்டு. ஏறியபின் சம்பள உயர்வு கேட்க அந்த 400 வெள்ளியே உங்கள் வாதம். புதுப்பிக்கும்போது இதை எடுத்துப் பேசுபவர்கள் குறைவு, பேச வேண்டும்.

இறங்கியபின்

மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிப் பிணை கட்டியிருக்க வேண்டும். "ஓடிப்போனால் ஐயாயிரம் போய்விடும்" என்ற பயம்தான் சில கம்பெனிகளைச் சண்டை வந்தவுடன் ஆளை விமான நிலையத்துக்கு இழுத்துப் போக வைக்கிறது. இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை. காசநோய், எச்ஐவி, மேகநோய், மலேரியா பார்ப்பார்கள். தேறாவிட்டால் திரும்ப வேண்டியதுதான், செலவழித்த பணம் வராது. கடன் வாங்குமுன் ஊரிலேயே மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொள்வது சில நூறு ரூபாயில் முடியும் காரியம். கைரேகை, புகைப்படம் பதிந்தபின் அட்டை வரும். அதில் உள்ள கியூஆர் குறியை எஸ்ஜி வொர்க்பாஸ் செயலியில் காட்டினால் அனுமதி உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை சட்டைப்பையில் இருக்கும்போதே அனுமதி ரத்தாகியிருப்பதுண்டு.

படுக்கும் இடம்

அடையாளம் பற்றிய வாக்குவாதம் காகிதத்தைவிட்டு இறங்கிக் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான். 2008-இல் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில், மூடிக்கிடந்த ஒரு தொழில்நுட்பப் பள்ளியை ஊழியர் விடுதியாக்கப் போவதாகச் செய்தி வந்ததும் 1,400 வீட்டாருக்கு மேல் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். விடுதி வந்தது, குடியிருப்புத் தெருக்களைத் தொடாமல் தனிச் சாலை போட்டு, குறைந்த எண்ணிக்கையோடு வந்தது. அதற்குப் பிறகு பெரிய விடுதிகள் துவாஸ், கிராஞ்சி, பொங்கோல், உட்லண்ட்ஸ் என்று ஓரங்களில் எழுந்தன. உள்ளேயே கடை, கிரிக்கெட் திடல், சினிமா. வசதிக்காகக் கட்டியதும் கண்ணில் படாமல் வைப்பதற்காகக் கட்டியதும் ஒரே கட்டடம்தான்.

2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் மூண்ட கலவரத்துக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. விடுதிப் பக்கம் பொழுதுபோக்கு மையங்கள் கூடின. கலவரத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, ஊழியர்கள் நடத்தப்படும் விதம் அதற்குக் காரணமில்லை என்றது. அந்த முடிவை ஏற்காத உரிமை அமைப்புகளும் உண்டு. பிறகு 2020. கொவிட் தொற்று விடுதிகளுக்குள் புகுந்தபோது, ஓர் அறையில் இருபது பேர் வரை படுத்திருந்த இடத்தில் இடைவெளி விடுவது எப்படி? அவ்வாண்டு முடியும்போது விடுதிவாசிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று வந்திருந்தது. நல்ல வேளையாக உயிரிழப்பு மிகக் குறைவு.

அந்த அடிக்குப் பின் விதி மாறியது. 2021 செப்டம்பருக்குப் பின் திட்டமிடும் புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. பழைய விடுதிகள் 2030-க்குள் ஓர் இடைக்காலத் தரத்துக்கு வர வேண்டும், இந்தத் தரத்துக்கு முழுதாக மாற அவகாசம் 2040 வரை போகிறது. 2023 ஏப்ரல் முதல் ஏழு படுக்கையோ அதற்கு மேலோ உள்ள எல்லா விடுதிகளும் உரிமச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: எந்த விடுதி, எந்த ஆண்டு கட்டியது, அறைக்கு எத்தனை பேர்? படுக்கைக்கு மாதம் 400 வெள்ளிக்கு மேல் வாடகை போகும் ஊரில் முதலாளிகள் மலிவான இடம் தேடுவார்கள். கட்டுமானத் தளத்திலேயே போடும் தற்காலிகக் கொட்டகைதான் அதில் கடைசிப் படி.

லாரியின் பின்புறத்தில் உட்கார வைத்து வேலைக்குக் கூட்டிப்போவது இன்னும் தொடர்கிறது. கூரையும் பக்கத் தடுப்பும் கட்டாயம், வேக வரம்பு உண்டு. ஆனால் பேருந்துக்கு மாற வேண்டும் என்ற கோரிக்கையை, சிறு கம்பெனிகளால் தாங்க முடியாது, கட்டுமானம் தாமதமாகும் என்று 2023-இல் அரசு ஏற்கவில்லை. சாமான் ஏற்றும் வண்டியில் ஆட்களை ஏற்றுவதற்கு எந்தப் பொருளாதாரக் கணக்கும் சமாதானமாகாது. ஐந்துக்கு மூன்று என்பதில் குறைந்த மதிப்பெண்ணின் ஒரு பங்கு இதற்கு.

உடம்புக்கு முடியாவிட்டால்

இங்கே தாராளமாகப் பாராட்டலாம். 2022 ஏப்ரலில் தொடங்கிய அடிப்படைப் பராமரிப்புத் திட்டத்தில் முதலாளி ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளி வரை கட்டுகிறார். ஊழியர் மருத்துவ மையத்துக்குப் போனால் 5 வெள்ளி, தொலைபேசி வழி மருத்துவரைப் பார்த்தால் 2 வெள்ளி. மருத்துவமனையில் சேர்ந்தாலோ அறுவை சிகிச்சை என்றாலோ ஆண்டுக்கு 60,000 வெள்ளிக் காப்பீடு. 2023 ஜூலைக்கு முன் அது 15,000-தான். ஒரு குடல்வால் அறுவைக்கும் நாலு நாள் படுக்கைக்குமே அது கரைந்துவிடும், மிச்சத்துக்கு முதலாளி முகம் சுளிப்பார். 2025 ஜூலை முதல் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கே நேரடியாகக் கட்டுவதால் "முதலில் நீ கட்டு" என்ற இழுபறியும் குறைகிறது.

வேலையில் அடிபட்டால் தனிச் சட்டம். யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு தருவது அதன் சிறப்பு. 2025 நவம்பர் முதல் நடக்கும் விபத்துக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை, நிரந்தர ஊனத்துக்கு 3,46,000 வெள்ளி வரை. மருத்துவ விடுப்பில் முதல் 14 நாள், மருத்துவமனையில் என்றால் 60 நாள் முழுச் சம்பளம்; அதன்பின் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. கோளாறு வரும் இடம் முதல் மணி நேரம். "அறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்" என்று கூட வருபவர் காதில் ஓதுவார். மருத்துவர் குறிப்பில் எழுதும் முதல் வரிதான் பின்னால் சாட்சி. எங்கே, எத்தனை மணிக்கு, எதில் அடிபட்டது என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள், அங்கே அது அரிதில்லை. இலகு வேலை கொடுக்கச் சொல்லி ஒரே நாள் எழுதிக்கொடுத்தாலும் முதலாளி அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சம்பளம் வராவிட்டால்

மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம், பதினான்கு நாளுக்குள் ஓடி, விவரமான சம்பளச் சீட்டோடு. ஓய்வு நாளில் முதலாளி கூப்பிட்டு முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் கூலி. ஆண்டில் 11 பொது விடுமுறை. மூன்று மாதம் முடிந்தபின் ஆண்டு விடுப்பு, முதல் ஆண்டுக்கு ஏழு நாள் என்ற கணக்கில். இவை தவறினால் போக வேண்டிய இடம் டாடெம் எனப்படும் முத்தரப்புப் பூசல் தீர்வு அமைப்பு. சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கு வழியாக மனுப் போடலாம். வேலையில் இருக்கும்போது என்றால் பாக்கி விழுந்து ஓராண்டுக்குள். வேலை முடிந்துவிட்டால் ஆறு மாதத்துக்குள். உச்சத் தொகை 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகச் சமரசத்துக்குப் போனால் 30,000. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். முடியாவிட்டால் ஒரு பரிந்துரைச் சான்று தருவார்கள்; அதை வாங்கிய நான்கு வாரத்துக்குள் நடுவர் மன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் கூடாது என்பது ஊழியருக்குச் சாதகம்.

எங்கே சறுக்குகிறது? ஒன்று, சான்று. எத்தனை மணி வேலை பார்த்தோம் என்பதைக் காட்ட முடியாமல் ஓடி வழக்குகள் சுருங்கிப் போகின்றன. நேர அட்டையைத் தினமும் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவைப்பது போதும். அனுப்பிய நாளும் மணியும் தானாகப் பதிவாகும். வெற்றுச் சீட்டில் கையெழுத்துக் கேட்டால், தேதி எழுதி, மறுக்கிறேன் என்று எழுதிப் போடுங்கள். இரண்டு, காலம். மனுப் போட்டபின் முதலாளி அனுமதியை ரத்துசெய்தால், வழக்கு முடியும்வரை சிறப்பு பாஸில் இருக்கலாம். ஆனால் அமைச்சு தனியாக இசைந்தால் ஒழிய அதில் வேலை செய்ய முடியாது. ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று மாதம் சும்மா இருப்பதைவிடப் பாதித் தொகைக்கு ஒப்புக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோன்றும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். மூன்று, தீர்ப்பு வந்தபின் பணத்தை வசூலிப்பது. கம்பெனி நொடித்துவிட்டால் தீர்ப்பு வெறும் தாள்.

தனியாகப் போகாதீர்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. டிடபிள்யூசி2, ஹோம் என்ற இரண்டு தொண்டு அமைப்புகளும் 2004 முதல் இந்த வேலையைச் செய்கின்றன. மனு எழுதக் கைகொடுப்பார்கள்.

முதலாளியை மாற்றுவது

இந்தச் சேவையின் அடிப்படைக் குறை இதுதான். அட்டை ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. கட்டுமானத்தில், அனுமதி முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில் மட்டும், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் புது முதலாளி விண்ணப்பிக்கலாம். இரண்டாண்டில் இருபது நாள். முடியும் தேதியைக் கைப்பேசியில் குறித்து, இரண்டு மாதம் முன்பே வேறு இடம் விசாரித்து வைத்தால்தான் அந்த இருபது நாள் பயன்படும். சம்பள மனு நியாயமானது என்று அமைச்சு கண்டால் மாற விடுவதும் உண்டு. மற்றபடி, முதலாளி எந்த நாளிலும் அனுமதியை ரத்துசெய்யலாம். ஊழியர் ஊருக்குத்தான் போக வேண்டும். மேலே சொன்ன எல்லா உரிமைகளும் இந்த ஒரு பயத்தின் கீழ் நிற்கின்றன. ஓடி குறைவு என்று கேட்க வாய் வராதது அறியாமையால் இல்லை, கடன் அடையவில்லை என்பதால். கூலியை உயர்த்தவும் ஏமாற்றும் கம்பெனியை ஒதுக்கவும் மலிவான வழி, நல்ல முதலாளியிடம் நடந்துபோக ஊழியரை விடுவது. உள்ளூர்க்காரருக்கும் அதுவே லாபம்: மிரட்டி வைத்திருக்கக்கூடிய ஆள் இருக்கும்வரை அவரோடு போட்டிபோட எந்த உள்ளூர்க்காரராலும் முடியாது.

வந்தவர் தங்கலாமா

தங்க முடியாது. குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் பாஸுக்கு மாதம் 6,000 வெள்ளிச் சம்பளம் வேண்டும், அதுவும் எஸ் பாஸோ எம்ப்ளாய்மென்ட் பாஸோ இருந்தால். வொர்க் பெர்மிட்டிலிருந்து நிரந்தரவாசத்துக்கு நேர்வழி இல்லை. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க அமைச்சின் அனுமதி வேண்டும். அட்டை ரத்தான பிறகும் அந்த நிபந்தனை தொடரும். மத்திய சேமநிதியும் வெளிநாட்டவருக்குக் கிடையாது.

2005-இல் இந்தியாவோடு செய்துகொண்ட சீகா என்ற பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் பற்றி 2021-இல் நாடாளுமன்றத்தில் நீண்ட விவாதம் நடந்தது. அது வங்கியிலும் கணினித் துறையிலும் அமரும் அதிகாரிகளைப் பற்றியது. கம்பி கட்டுகிறவரின் அட்டைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விகிதமும் தீர்வையும் அவருக்கு முன்பிருந்தே உண்டு. ஆனாலும் எம்ஆர்டி ரயிலில் "இந்தியர்கள்" என்று முணுமுணுப்பு எழுந்தால் அது அவர் காதிலும் விழுகிறது, மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர் காதிலும் விழுகிறது. தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதால் ஊழியருக்குத் தமிழில் கடிதம் வருகிறது, மருத்துவமனையில் தமிழில் பதில் கிடைக்கிறது. அந்த இடத்தை ஈட்டிக் கொடுத்தவர்கள் அங்கே வேரூன்ற விடப்பட்ட முந்தைய தலைமுறைக் கூலிகள்.

2025 ஜூலை முதல் இவ்வளவு ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற உச்சவரம்பு நீங்கிவிட்டது; வயது வரம்பும் 63 ஆக உயர்ந்தது. இருபத்து மூன்றில் போனவர் நாற்பது ஆண்டு அந்த ஊரைக் கட்டிவிட்டு, சேமநிதியோ குடியுரிமையோ இல்லாமல் திரும்பலாம் என்பதுதான் இப்போதைய விதி. இரண்டாண்டு விருந்தாளிக்காக எழுதிய நிபந்தனைகளை நாற்பதாண்டு ஊழியருக்கும் அப்படியே வைத்திருப்பது சரியில்லை. குறைந்தது ஒரு கட்டாயச் சேமிப்பாவது தொடங்க வேண்டும்.

அதுவரை கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். கிளம்பும் மாதத்தில், அனுமதி ரத்தாகுமுன் கடைசிச் சம்பளம், ஓடி, எடுக்காத விடுப்புக்கான தொகை மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். விமானச் செலவு முதலாளியுடையது. பாக்கி இருந்தால் விமான நிலையத்தின் குடிநுழைவு அதிகாரியிடம் சொன்னாலும் அவர் அமைச்சுக்குத் தகவல் தருவார். விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்டால், பிறகு ஊரிலிருந்து வாதாடுவது பத்து மடங்கு கடினம்.